காரைக்குடி ஆர்.பி.எல். முகாம்: ஏசி மெக்கானிக்குகளுக்குத் தரும் சான்றிதழ் எதற்கு உதவும், எதற்கு உதவாது

பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, ஒரு கடையில் கையாளாகச் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதில் தொடங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் முழு மெக்கானிக்காகிவிட்டவர்கள் செட்டிநாட்டுப் பகுதியில் ஏராளம். அவர்களிடம் வேலை இருக்கிறது, வாடிக்கையாளர் இருக்கிறார்கள், காட்டுவதற்குக் காகிதம் மட்டும் இல்லை. அந்தக் காகிதத்தைத் தருவதற்காக, மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமான பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவில் செய்யப்பட்டிருக்கும் ஏற்பாட்டுக்கு முன்கற்றல் அங்கீகாரம் என்று பெயர். தொழில் வட்டாரத்தில் ஆர்.பி.எல். என்று சொன்னால்தான் தெரியும். காரைக்குடியில் ஒரு தனியார் பயிற்சி மையம் நடத்திய ஆர்.பி.எல். முகாமுக்கு என் குளிர்சாதனப் பழுதுபார்ப்புக் கடையின் மெக்கானிக்குகளை அனுப்பினேன். அவர்களோடு உட்கார்ந்து நானும் தேர்வு எழுதினேன். மையத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் சில அந்த மையத்துக்கு உரியவை என்றாலும், பெரும்பாலானவை திட்டம் வகுக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருப்பவை. வேறு ஊரில் வேறு மையத்துக்குப் போகிறவருக்கும் அவை பயன்படக்கூடும்.

சான்றிதழ் தேவைப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. கானாடுகாத்தான், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகள் விடுதிகளாக மாறிய பிறகு, அங்கே ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்க வேண்டுமென்றால் வேலைக்கு வருபவரின் தகுதிச் சான்றைக் கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. இன்னொரு காரணம், ஏசிக்குள் ஓடிக் குளிர்விக்கும் வாயு. பழைய ஏசிகளின் ஆர்-22 மட்டுமே தெரிந்திருந்தால் போதும் என்ற காலம் முடிந்து, இப்போது வீட்டுக்கு வீடு ஆர்-32 வாயுவில் ஓடும் இன்வெர்ட்டர் ஏசி வந்துவிட்டது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரியலில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ஆர்-22 படிப்படியாக விடைபெறுகிறது. 2016-இல் கிகாலியில் அதில் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, அதற்கு மாற்றாக வந்த வாயுக்களின் பயன்பாட்டையும் நாடுகள் குறைத்துக்கொண்டே போக வேண்டும். ஆக, இனி ஒரு மெக்கானிக் தன் வேலைக்காலத்துக்குள் ஒரு வாயுவோடு நிறுத்திக்கொள்ள முடியாது. 2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் பழுதுநீக்குநர்களுக்குப் பயிற்சியும் சான்றும் தருவதை இலக்காக வைத்ததற்கும் இதுவே பின்னணி.

திட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கௌசல் விகாஸ் யோஜனா 2015 ஜூலை 15 அன்று தொடங்கப்பட்டது. புதிதாகத் தொழில் கற்பவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி ஒரு பிரிவு. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று தரும் ஆர்.பி.எல். இன்னொரு பிரிவு. 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நிலை எண் உண்டு. வீட்டு ஏசி பொருத்திப் பழுது பார்க்கும் பணிக்கு ‘ஃபீல்டு டெக்னீஷியன் – ஏர் கண்டிஷனர்’ என்று பெயர். அது நான்காம் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. பாடத்தரத்தை வகுப்பது மின்னணுத் துறைக்கான திறன் குழுமம். ஆள் சேர்ப்பு, ஆலோசனை, அறிமுக வகுப்பு, மதிப்பீடு, சான்றிதழ் என்ற வரிசையில் வேலை நடக்கிறது. தேர்வுக்கு வருபவர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. முன்பு, திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், தேர்ச்சி பெற்றவரின் வங்கிக் கணக்குக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகையும் வந்தது. எனவே, “தேர்வுக் கட்டணம்” என்றோ “சான்றிதழ்ச் செலவு” என்றோ யாராவது இடையில் நின்று பணம் கேட்டால், கொடுக்காமல் எழுந்து வந்துவிடலாம்.

பதிவு செய்வது கடினமில்லை. ஆனால் ஆதாரில் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒரு ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் நிற்கும், மூன்றாவதில் இருக்கவே இருக்காது. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே சான்றிதழில் அச்சாகிவிடும். பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், குறிப்பாக வளைகுடா நாடுகளுக்கோ மலேசியா, சிங்கப்பூருக்கோ போகும் எண்ணம் உள்ளவர்கள், இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்வது நல்லது. ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் இப்போது பயன்பாட்டில் இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். என் கடையின் மூத்த மெக்கானிக்கின் எண் என்றைக்கோ காலாவதியாகியிருந்தது. அதைச் சரிசெய்ய ஆதார் சேவை மையத்துக்கு அலைந்ததுதான் இந்த முழு வேலையிலும் அவருக்குக் கடினமான பகுதி என்று அவரே சொன்னார்.

அறிமுக வகுப்பு என்பது தேர்வுக்கு முன்னால் தரும் சிறு பயிற்சி. இதற்குக் குறைந்தது 12 மணி நேரம் என்று திட்டத்தின் முந்தைய நெறிமுறையில் இருந்தது. எங்கள் முகாமில் அந்த நேரத்தின் கணிசமான பகுதி வாடிக்கையாளரிடம் எப்படி வணக்கம் சொல்வது, சீருடையை எப்படி அணிவது, கைப்பேசியில் பணம் எப்படிப் பெறுவது என்பவற்றில் கழிந்தது. பதினெட்டு வயதுப் பையனுக்கு இவை பயன்படலாம். இருபது ஆண்டுகளாகப் பெரிய வீடுகளின் பட்டாலையைத் தாண்டி உள்கட்டு வரை நம்பிக்கையோடு அனுமதிக்கப்பட்டுவரும் ஒருவருக்கு, ஆச்சியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு வெளியூர் இளைஞர் படம் போட்டுக் காட்டியது வேடிக்கையாகத்தான் இருந்தது. அவர் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். அதற்கே தனியாக மதிப்பெண் கொடுத்திருக்கலாம்.

தொழில் பகுதிக்கு வந்ததும் நிலைமை மாறியது. இந்த முகாமைப் பற்றி நான் நல்லதாகச் சொல்ல இருப்பதில் பெரும்பங்கு அந்தச் சில மணி நேரங்களுக்கு உரியது.

நம் பகுதியில் புதிய ஏசி பொருத்தும்போது பெரும்பாலான மெக்கானிக்குகள், குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப்பைப் போடுவதில்லை. அவுட்டோர் யூனிட்டின் வால்வைச் சற்றே திறந்து, உள்ளிருக்கும் வாயுவைக் கொண்டே குழாயில் உள்ள காற்றை வெளியே தள்ளிவிட்டு, நட்டை இறுக்கிவிடுவார்கள். பம்ப்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டாம், நேரமும் மிச்சம். “இத்தனை வருசமா இப்படித்தான் போடுறோம், தம்பி. ஒரு மிசினும் நிக்கலையே?” என்று எங்கள் மூத்தவர் பயிற்றுநரிடம் கேட்டார். பயிற்றுநர் வயதில் இளையவர். ஆனால் பதிலைத் தெளிவாகச் சொன்னார். “நீங்க போட்டது ஆர்-22 மிசின், அண்ணே. அதுல இருந்த எண்ணெய் வேற.” பழைய ஏசிகளின் கம்ப்ரசரில் இருந்தது கனிம எண்ணெய், அது ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. ஆர்-410ஏ, ஆர்-32 வாயுக்களில் ஓடும் கம்ப்ரசர்களில் இருக்கும் பாலியால் எஸ்டர் வகைச் செயற்கை எண்ணெயோ காற்றின் ஈரத்தை விரைவாக இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்தால் அமிலம் உண்டாகி, கம்ப்ரசர் சுருளின் காப்புப் பூச்சை அரிக்கும். ஏசி அன்றைக்கு நிற்காது. இரண்டு மூன்று கோடை தாண்டிக் கம்ப்ரசர் போகும். அப்போது மின்னழுத்தத்தின் மீது பழி விழும். ஆகவே பம்ப்பைப் போட்டு, வெற்றிடத்தை அளக்கும் மானியில் குழாயின் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்ப்பை நிறுத்திய பின்னும் அழுத்தம் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும்.

வாயுவின் அளவைப் பற்றிச் சொன்னதும் இதே அளவு பயனுள்ளது. கேஜில் அழுத்தம் பார்த்து, குழாயைத் தொட்டுப் பார்த்து வாயு ஏற்றுவது எங்கள் தலைமுறையின் கைப்பழக்கம். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகம் அறையின் வெப்பத்துக்கேற்ப மாறிக்கொண்டே இருப்பதால், அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். அதை நம்பி ஏற்றினால் அளவு தவறும். யூனிட்டின் பெயர்ப் பட்டையில் போட்டிருக்கும் எடையைப் பார்த்து, தராசில் சிலிண்டரை வைத்து நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். ஆர்-410ஏ இரண்டு வாயுக்களின் சரிபாதிக் கலவை என்பதால், கலவை விகிதம் கெடாதிருக்க அதைத் திரவ நிலையில் ஏற்ற வேண்டும். ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டின் அழுத்தமும் ஆர்-22-ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கும் என்பதால் பழைய கேஜும் ஹோஸும் பாதுகாப்பானவை அல்ல. ஆர்-32 மிதமாகத் தீப்பற்றும் தன்மை உடையது, சில ஏசிகளில் வரும் ஆர்-290 எளிதில் தீப்பற்றும் புரோப்பேனே. இந்தக் குழாய்களில் பற்றவைப்பு விளக்கைக் காட்டுவதற்கு முன் உள்ளிருப்பதை வெளியேற்றி நைட்ரஜன் விட்டுக் கழுவ வேண்டும். கசிவு பார்க்க நைட்ரஜன் இல்லையென்று வெல்டிங் கடையிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து அழுத்தம் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு; எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கும் என்பதைப் பயிற்றுநர் விடாமல் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்காக அவருக்கு நன்றி.

பெயரில் அங்கீகாரம் என்று இருந்தாலும், எங்களுக்கு இதில் கிடைத்த மதிப்பு திருத்தம்தான். ஏற்கெனவே கற்றதில் சரியானதும் இருக்கும், காலம் கடந்ததும் இருக்கும், தொடக்கத்திலிருந்தே தவறானதும் இருக்கும். மூன்றையும் பிரித்துக் காட்ட ஒரு மேசை தேவை. அந்த மேசை எங்களுக்கு வேறெங்கும் போடப்படவில்லை. நிறுவனங்கள் நடத்தும் பயிற்சி பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் சேவை மையங்களுக்கானது. தனிக்கடைக்காரருக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது.

மதிப்பீட்டு நாளுக்கு வருவோம். பாடம் நடத்தியவர் தேர்வு நடத்தக் கூடாது என்பது விதி. மதிப்பீட்டாளர் வெளியிலிருந்து வந்தார். இது திட்டத்தின் நல்ல அம்சம். எழுத்துத் தேர்வு டேப்லெட்டில் கொள்குறி வினாக்களாக இருந்தது, தமிழிலும் எடுத்துக்கொள்ளலாம். கைவேலை தெரிந்தும் திரையில் படிப்பதற்குத் தடுமாறுகிறவர்களுக்கு இது இடையூறுதான். வாய்மொழித் தேர்வில் மதிப்பீட்டாளர் அதை ஈடுகட்டினார். ஏசி ஓடுகிறது, குளிரவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலை இடைமறிக்காமல் முழுவதுமாகக் கேட்டார். ஃபில்டர், காயில் அழுக்கு, ஃபேன், கெப்பாசிட்டர் என்று வரிசையாகச் சொல்லி, வாயுவைக் கடைசியில் சொன்னவருக்கே நல்ல மதிப்பெண் கிடைத்தது என்று நினைக்கிறேன், அது நியாயம். எடுத்த எடுப்பில் “கேஸ் இல்லை” என்று சொல்பவர் வாடிக்கையாளரின் பணத்துக்கு உலை வைப்பவர்.

செய்முறைத் தேர்வில்தான் மையம் தன் பங்குக்குத் தவறியது. வகுப்பில் ஆர்-32 பற்றி அவ்வளவு பேசிவிட்டு, தேர்வுக்கு வைத்திருந்தது ஆர்-22 போட்ட பழைய விண்டோ ஏசி ஒன்றும், கம்ப்ரசர் ஓடாத ஒரு ஸ்பிளிட் யூனிட்டும். முழுக் குழுவுக்கும் ஒரே வேக்கம் பம்ப். எடை பார்க்கும் தராசு இல்லவே இல்லை. குழாயை வெட்டி, ஓரத்தைச் சீவி, முனையை விரித்து ஃப்ளேர் போட்டுக் காட்டுவது ஒழுங்காக நடந்தது. கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் அளப்பதும் நடந்தது. வேக்கம் போடுவதை முதலில் வந்த சிலர் செய்தார்கள், மற்றவர்கள் சொல்லிக் காட்டினார்கள். நேரம் போதவில்லை என்றார்கள். ஆனால் ஒவ்வொருவரையும் கருவியோடு நிற்கவைத்து இருப்பிடம் பதியும் புகைப்படம் எடுப்பதற்கு மட்டும் நேரம் தாராளமாக இருந்தது. முறைகேட்டைத் தடுக்க அந்தப் படம் தேவை என்பது புரிகிறது. படம் எடுக்கும் நேரத்தில் பாதியைப் பம்ப்புக்குக் கொடுத்திருந்தால் அந்தப் படத்துக்கும் பொருள் இருந்திருக்கும்.

இன்னொரு குறை திட்டத்தின் மீதே உள்ளது. பாடத்தரம் நாடு முழுவதற்கும் ஒன்று. அதில் சுவர் என்றால் சிமென்ட் சுவர். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுந்தது, தடிமனானது, மேலே கண்ணாடி போல மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு. அதில் சுத்தியல் டிரில்லைப் போட்டால் துளை விழும் இடத்தில் மட்டும் உடையாது; அதிர்ச்சியில் பூச்சு பலகை பலகையாகப் பிடிப்பு விட்டுப் பெயரும், அதே மெருகில் திரும்பப் பூச ஆள் கிடைப்பது அரிது. எங்கள் மூத்த மெக்கானிக் அங்கே சுவரையே தொடமாட்டார். சன்னலுக்கு மேலே உள்ள காற்றுப்பலகணியின் சட்டத்தைக் கழற்றி அதன் வழியாகக் காப்பர் பைப்பை இறக்குவார். வேறு வழியில்லாத இடத்தில் அதிராத வைரமுனைக் கோர் கட்டரை மெதுவாக ஓட்டுவார். அவுட்டோர் யூனிட்டை முற்றத்தின் பக்கம் வைக்காமல் பின்கட்டுக்குக் கொண்டுபோவார், முற்றத்தில் வைத்தால் வெப்பமெல்லாம் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். விடுதிக்காரர்கள் அவரைத் தேடி வருவது இதற்காகத்தான். மதிப்பீட்டுத் தாளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. மதிப்பீட்டாளரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார், ஆனால் மதிப்பெண் போட அவரிடம் கட்டம் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. உள்ளூர் வேலைமுறைக்கு என்று ஒரு சிறு பகுதியை விட்டுவைத்தால், முன்கற்றல் என்ற சொல்லுக்கு இந்தத் திட்டம் இன்னும் நெருங்கி வரும்.

சான்றிதழ் சொன்ன காலத்தைத் தாண்டித்தான் வந்தது. அதிலுள்ள கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் உண்மைத்தன்மை தெரிகிறது, டிஜிலாக்கரிலும் ஏற்றிக்கொள்ள முடிகிறது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

இனி அதன் பயன். விடுதி ஒப்பந்தங்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது; கேட்டார்கள், காட்டினோம், முடிந்தது. பெருநிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் வேலைக்குச் சேர நினைப்பவருக்கும் கதவைத் திறக்க உதவும். கூலி அதனால் மட்டும் உயர்ந்துவிடாது. ஊருக்குள் யாரும் ஏசி மெக்கானிக்கிடம் சான்றிதழ் கேட்டுப் பேரம் பேசுவதில்லை.

உதவாத இடங்களை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் முகாமுக்கு ஆள் சேர்க்கிறவர்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. முதலாவது, இது மின்வேலைக்கான உரிமம் அல்ல. ஏசிக்குத் தனி லைன் இழுப்பதும் மெயின் போர்டில் கை வைப்பதும் கம்பியாளருக்கான தகுதிச் சான்று உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. அதற்குத் தமிழ்நாட்டில் வேறு வழி இருக்கிறது: வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு. வயரிங் தொழிலில் குறைந்தது 5 ஆண்டு செய்முறை அனுபவம் இருக்க வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயதுக்கு உச்சவரம்பு கிடையாது. யோசித்துப் பார்த்தால், ஆர்.பி.எல். என்ற பெயர் வருவதற்கு முன்பே அனுபவத்தைச் சோதித்து அங்கீகரித்துவந்த தேர்வு அது. எலக்ட்ரீஷியன் வேலையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு அதைத்தான் முதலில் எழுதச் சொல்வேன். விளம்பரம் நாளிதழ்களில் வரும். விவரத்துக்கு அருகிலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் கேட்கலாம்.

இரண்டாவது, ஐ.டி.ஐ. சான்று என்று குறிப்பிட்டுக் கேட்கும் வேலைகளுக்கு இதைக் காட்டி நிற்க முடியாது. அந்தச் சான்றே வேண்டுமென்றால், அனுபவத்தின் பேரில் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதும் வழி உண்டு. அது கடினமான தேர்வு; வரைபடமும் கணக்கும் படிக்க வேண்டியிருக்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன், முப்பதுக்குள் இருப்பவர்களுக்குத் தயங்கமாட்டேன்.

மூன்றாவது, வெளிநாடு. சவூதி அரேபியா விசாவுக்கு முன்பாகத் தனக்கென்று ஒரு திறன் சரிபார்ப்புத் தேர்வை வைத்திருக்கிறது. ஏசி மெக்கானிக், எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் ஆகிய தொழில்கள் அதில் உண்டு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆர்.பி.எல். சான்று இருந்தால் நேரே விமானம் ஏறிவிடலாம் என்று சொல்லும் ஏஜெண்டை நம்ப வேண்டாம்.

எங்கள் கடையைப் பொறுத்தவரை, செலவான நேரத்துக்கு இந்த முகாம் குறைவில்லாமல் திருப்பிக் கொடுத்தது, சான்றிதழால் பாதி, வேக்கம் பம்ப்பைப் பற்றிய அந்த வகுப்பால் பாதி. ஆர்-22 மட்டுமே தொட்டுப் பழகிய எவரும் போகலாம். ஏற்கெனவே நிறுவனப் பயிற்சி எடுத்தவர்களுக்குக் காகிதத்தைத் தவிரப் புதிதாக எதுவும் கிடைக்காது. சேர்வதற்கு முன் மையத்துக்கு ஒருமுறை நேரில் போய், ஓடுகிற ஆர்-32 ஸ்பிளிட் யூனிட் இருக்கிறதா, எத்தனை பேருக்கு எத்தனை வேக்கம் பம்ப், வாயு நிறுக்கத் தராசு உண்டா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். பதில் சொல்லாமல் சுவரில் மாட்டியிருக்கும் பரிசளிப்புப் படங்களைக் காட்டினால், சிவகங்கையிலோ மதுரையிலோ அடுத்த மையத்தை விசாரிப்பது நல்லது.